ஹாரிஸ் ட்வீட் கோட்டுக்கு எந்தப் பேன்ட், எந்த டை? குட்வுட் போகிறேன், சொல்லுங்கள்

சவுத்தாம்ப்டன் பாண்டி:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் சிச்செஸ்டர் பக்கம் குட்வுட் ரிவைவல் போகிறோம். ஆபீஸ் நண்பர் டிக்கெட் எடுத்துவிட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குட்வுட் பந்தயத் தடம் 1948-ல் திறந்தது, 1966-ல் பந்தயம் நின்றது. 1998-லிருந்து அந்தக் காலத்து கார்களையே அதே தடத்தில் திரும்ப ஓட்டுகிறார்கள். பார்க்க வருகிறவர்களும் அந்த வருஷங்களின் உடையில்தான் வருவார்கள். கார்கள் நிற்கும் பேடாக்குக்குள் போக ஆண்களுக்குக் கோட்டும் டையும் வேண்டும் என்கிறார் நண்பர்.

வாடகைக்கு வேஷம் எடுத்துப் போக எனக்கு விருப்பமில்லை. அன்றைக்குப் போட்டதைக் குளிர்காலம் முழுக்கவும் போட முடிய வேண்டும். கையில் இருப்பது இதுதான்.

கோட்டு: சாரிட்டி கடையில் கிடைத்த ஹாரிஸ் ட்வீட், சொரசொரப்பான கனத்த கம்பளித் துணி. பழுப்பும் பச்சையும் கலந்தது, மீன்முள் மாதிரி வரி ஓடும் ஹெர்ரிங்போன் நெசவு. தோள் கச்சிதமாக உட்காருகிறது. பேன்ட் மூன்று: ஆபீஸ் சூட்டின் நேவி புளூ, நடுத்தர சாம்பல் நிற ஃபிளானல் (மெத்தென்ற கம்பளி), அடர் பழுப்பு கார்ட்ராய் (கோடு கோடாக ரோமம் எழும்பிய துணி). சட்டையில் பளீர் வெள்ளை, வெளிர் நீல ஆக்ஸ்ஃபோர்ட், மெல்லிய சிவப்புக் கட்டம் போட்ட கிரீம். டை: என் கல்யாண ரிசப்ஷனுக்கு வாங்கிய மெரூன் சாட்டின் (அதே துணியில் பாக்கெட் கர்ச்சீப்பும் உண்டு), பச்சை கம்பளி டை, நேவியில் வெள்ளைப் பொட்டு வைத்த பட்டு. கூட வேலை பார்க்கும் பெண்ணின் அம்மா பின்னிக் கொடுத்த கையில்லாத ஃபேர் ஐல் புல்லோவர் ஒன்று இருக்கிறது, வரி வரியாகப் பல நிற டிசைன் வரும் பின்னல். கிரீம், கடுகு, செங்கல், பச்சை, நேவி எல்லாம் அதில் வரும். வேறொரு கட்டம் போட்ட ட்வீட் தொப்பியும் இருக்கிறது.

எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவைத்துப் பார்த்தால் எது எதோடு சேரும் என்றே பிடிபடவில்லை. கோட்டில் ஒரு டிசைன், புல்லோவரில் ஒன்று, தொப்பியில் ஒன்று. சேர்த்துப் போடலாமா? நேவி பேன்ட் சரிவருமா?


லீட்ஸ் ஊசிநூல்:

பாண்டி தம்பி, லீட்ஸில் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறேன். பழைய கோட்டுகளுக்கு இடுப்பு பிடிக்க, கை நீளம் குறைக்க வருகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் கேள்வியைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். எல்லோரும் கலரில் ஆரம்பிக்கிறார்கள், அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். கலரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் துணியின் மேற்பரப்பு, அடுத்து டிசைன், அதற்குப் பிறகுதான் கலர்.

நேவி பேன்ட்டை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். அதன் நிறத்தில் குறை இல்லை, துணிதான் சேராது. ஆபீஸ் சூட் பெரும்பாலும் வொர்ஸ்டட். நீளமான கம்பளி இழைகளைச் சீவி, ஒரே திசையில் படியவைத்து, இறுக்கி முறுக்கின நூல் அது. அதனால் வழவழப்பாக இருக்கும், மேலே வெளிச்சம் பட்டால் லேசாகப் பளபளக்கும். ட்வீட்டின் நூல் வேறு வகை. இழைகள் நாலா பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், பிசிர் நிற்கும், வெளிச்சத்தை வாங்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும். மேலே மங்கலும் கீழே பளபளப்புமாக ஒரு ஆள் வந்தால், ஏதோ ஒரு சூட்டின் பேன்ட்டை அவசரத்துக்கு மாட்டிக்கொண்டு வந்த மாதிரிதான் தெரியும். ஃபிளானல் அப்படி இல்லை. நெய்த பிறகு அதன் மேற்பரப்பைக் கிளறி ரோமம் எழுப்பியிருப்பார்கள். ட்வீட்டைப் போலவே அதுவும் வெளிச்சத்தை விழுங்கும், ஆனால் ட்வீட்டைவிட அமைதியான துணி. ட்வீட் கோட்டுக்கு சாம்பல் ஃபிளானல் பேன்ட் என்பது 1930-களிலிருந்து இங்கே நிலைத்து நிற்கும் ஜோடி. அது நிற்பதற்குக் காரணம் இந்த மேற்பரப்புப் பொருத்தம்தான்.

எடையும் பாருங்கள். பழைய ஹாரிஸ் ட்வீட் கனமான துணி. கீழே காற்றில் படபடக்கிற மெல்லிய பேன்ட் போட்டால் மேல் பாதி மட்டும் ஆளாகத் தெரியும். ஃபிளானல், கார்ட்ராய், கேவல்ரி ட்வில் (சாய்வாக வரி ஓடும் தடித்த துணி) மூன்றும் கோட்டின் கனத்துக்கு ஈடுகொடுக்கும்.

கார்ட்ராய் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய கோடாக இருந்தால் தாராளமாகப் போடலாம். பட்டைக் கோடாக இருந்தால், ஹெர்ரிங்போனும் செங்குத்தாக ஓடுகிற நெசவு என்பதால், இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். அடர் பழுப்பு என்கிறீர்கள், கோட்டும் பழுப்பு. ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். படத்தில் கோட்டும் பேன்ட்டும் ஒரே அளவு கருமையாகத் தெரிந்தால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள், கலர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. ஒன்று மற்றதைவிடத் தெளிவாக வெளுத்திருக்க வேண்டும். கடைக்கு வருகிற எல்லோரையும் இந்தப் படம் எடுக்கச் சொல்கிறேன். கலர் போனதும் கண் சரியாகப் பார்க்கிறது.

இனி டிசைன். கோட்டை ஹேங்கரில் மாட்டிவிட்டுப் பத்து எட்டு தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து உங்கள் ஹெர்ரிங்போன் தெரியாது. ஒரே நிறத் துணியாகத்தான் தெரியும், கொஞ்சம் உயிரோடு இருக்கிற துணியாக. அதனால் அதை டிசைன் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களிடம் தூரத்திலிருந்தும் தெரிகிற டிசைன் இரண்டுதான்: புல்லோவர், தொப்பி. புல்லோவர் போடுகிற அன்று அதுதான் ராஜா. டை வெறும் பச்சை கம்பளி, சட்டை வெளிர் நீலம், பேன்ட் ஃபிளானல். கட்டத் தொப்பியை அன்று வீட்டில் விட்டுவிடுங்கள். புல்லோவர் இல்லாத நாளில் கட்டச் சட்டையும் பொட்டு டையும் போடலாம். கட்டமும் பொட்டும் வேறு வேறு ஜாதி என்பதால் சண்டை வராது. ஒரே ஜாதி டிசைன் இரண்டு வந்தால் அளவு நன்றாக வித்தியாசப்பட வேண்டும்: சட்டையில் கால் அங்குலக் கட்டம் என்றால் கோட்டில் இரண்டு அங்குலக் கட்டம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தால் பார்க்கிறவருக்குக் கண் கூசும்.

இப்போது கலர். ஒரு வேலை செய்யுங்கள். கோட்டை ஜன்னலோரம் கொண்டுபோய், கோட்டின் கையை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாருங்கள். போன் கேமராவில் பெரிதாக்கினால் இன்னும் நல்லது. பழுப்பு என்று நினைத்த இடத்தில் ஆரஞ்சு இழை ஒன்று கிடக்கும். பச்சைக்குள் மஞ்சள் இருக்கும், ஏதாவது ஒரு மூலையில் நீலம்கூட எட்டிப் பார்க்கும். ஹாரிஸில் நூலாக்குவதற்கு முன்பே கம்பளிக்குச் சாயம் போட்டு, பல சாயக் கம்பளிகளைக் கலந்து நூற்கிறார்கள். நம் ஊர் மயில்கழுத்துப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று இரண்டு சேர்ந்து மூன்றாவது ஒன்றைக் காட்டுமே, இங்கே அந்தக் கலவை ஒரே இழைக்குள் நடக்கிறது. உங்கள் டைக்கான கலர் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது, தேடி எடுத்தால் போதும். ஆரஞ்சு இழை இருந்தால் துருப்பிடித்த இரும்பு நிறத்தில் கம்பளி டை, நீல இழை இருந்தால் நேவி. டை அந்த இழையைவிட ஒரு படி அடர்த்தியாக இருக்கட்டும்.

பளீர் வெள்ளைச் சட்டை வேண்டாம் என்பேன். வெள்ளைக்காரர்களின் நிறத்தை வைத்து எழுதின புத்தகங்களில் இந்தக் காரணம் இருக்காது. நம் கறுத்த, மாநிறத் தோலுக்குப் பக்கத்தில் பளீர் வெள்ளைக் காலர் வந்தால் பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும், கோட்டின் நுணுக்கமான கலர்கள் எல்லாம் சோர்ந்துவிடும். கிரீமோ வெளிர் நீலமோ போட்டால் அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு நமக்கு ஒரு வசதி இருக்கிறது: கடுகு மஞ்சள், செங்கல், பாட்டில் பச்சை மூன்றும் முகத்துக்குப் பக்கத்தில் வந்தால் நம்மவர்களுக்கு எடுப்பாக இருக்கும். அதே நிறங்கள் இங்கே பல பேரை நோயாளி மாதிரி காட்டும். கழுத்துக்குப் பக்கத்தில் பேஜ் (வெளிர் மணல் நிறம்) மட்டும் வைக்காதீர்கள், தோலோடு கலந்து காணாமல் போகும்.

சாட்டின் டை, கர்ச்சீப் ஜோடியை அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரப்படுத்துங்கள்.


கோட்டுப்பிரியன்:

ஊசிநூல் அண்ணன் சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டையும் கர்ச்சீப்பும் ஒரே துணியில் இருப்பதுதானே முறை? கோட்டு, வெய்ஸ்ட்கோட் (கையில்லாத உள்கோட்டு), தொப்பி மூன்றும் ஒரே ட்வீட்டில் செட்டாகவே விற்கிறார்கள். பர்மிங்ஹாமில் கல்யாணங்களுக்கு எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். பாண்டி, ஒரே கட்டத்தில் த்ரீ பீஸ் வாங்கிவிட்டால் இந்த யோசனையே தேவையில்லை.


பின்னல்ராணி (ஹாரோ):

தம்பி பாண்டி, உங்கட புல்லோவர் பற்றி மட்டும் சொல்லுறன். ஃபேர் ஐல் பின்னலில் ஒரு வரிக்கு இரண்டு நிற நூல்தான் ஓடும். அஞ்சாறு நிறம் இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் எந்த ஒரு வரியை எடுத்துப் பார்த்தாலும் இரண்டுதான். அதனாலதான் அவ்வளவு நிறம் இருந்தும் குழம்பாமல் நிக்குது. நீங்கள் டை எடுக்கேக்க கழுத்துக்குக் கிட்ட வாற வரியைப் பாருங்கோ. அந்த வரியில் இருக்கிற இரண்டில் ஒண்டை எடுத்தால் சரி. கீழ வாற நிறத்தை எடுத்தால் பொருந்தாது.

இன்னொண்டு. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இங்க பின்னல் நூலும் ரேஷன் கூப்பனுக்குத்தான். பழசை அவிட்டு, மிஞ்சின துண்டு துண்டு நூலைச் சேர்த்துப் பின்ன இந்த டிசைன் நல்ல வசதி, ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் இருந்தால் போதும். உங்களுக்குப் பின்னித் தந்த அம்மா நல்ல வேலைக்காரி. ஹேங்கரில் தொங்க விடாதேங்கோ, நீண்டு போகும். மடிச்சு வையுங்கோ.


லீட்ஸ் ஊசிநூல்:

அக்கா சொன்ன கழுத்து வரி விஷயத்தை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாளையிலிருந்து கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்வேன்.

கோட்டுப்பிரியன், உங்கள் யோசனையை முழுமனதோடு மறுக்கிறேன். முழு ட்வீட் சூட் அந்தக் காலத்திலும் இருந்தது, நல்ல உடைதான். இப்போது கல்யாணத்துக்கு வருகிற செட்டில் தொப்பி முதல் கர்ச்சீப் வரை ஒரே கட்டம், ஒரே புதுமை. பாண்டி போகிற இடம் 1948-லிருந்து 1966 வரைக்குமான இங்கிலாந்து. அதில் முதல் சில வருஷங்களில் ஆண்கள் எப்படி உடுத்தினார்கள் என்று பாருங்கள். 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது, 1949 மார்ச்சில்தான் போனது. முதல் வருஷம் ஒரு ஆளுக்கு 66 கூப்பன். கோட்டுக்கு 13, கம்பளி பேன்ட்டுக்கு 8, வெய்ஸ்ட்கோட்டுக்கு 5. முழு சூட் எடுத்தால் 26 கூப்பன் ஒரேயடியாகப் போகும். பிற்பாடு கூப்பன் இன்னும் குறைந்தது. 1942-லிருந்து 1944 வரை பேன்ட்டின் கீழ் மடிப்புக்குக்கூடத் தடை. சூட்டின் முழங்கால் தேய்ந்தால் கோட்டை வைத்துக்கொண்டு வேறு பேன்ட் தேடினார்கள். போருக்கு முந்தைய கோட்டு, ராணுவத்திலிருந்து வந்தவனுக்குக் கொடுத்த பேன்ட், வீட்டில் பின்னின புல்லோவர் என்று சேர்ந்துதான் அந்தத் தோற்றம் பிறந்தது. டைக்கு ஒரே ஒரு கூப்பன்தான். ஆக, கலரில் ஆசை இருந்தவனுக்கு மலிவாகக் கிடைத்த இடம் கழுத்து.

பணக்காரர்களும் கலந்துதான் போட்டார்கள், காரணம் வேறு. பின்னாளில் எட்டாம் எட்வர்டான வேல்ஸ் இளவரசர், 1922-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் ஐல் புல்லோவர் போட்டு வந்ததற்குப் பிறகுதான் ஷெட்லாண்ட் மீனவர் வீட்டுப் பின்னல் ஊரெல்லாம் பரவியது. கட்டத்தின்மேல் கட்டம், அதன்மேல் பின்னல் டிசைன் என்று அவர் துணிந்து போட்டார். படங்களை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: எத்தனை டிசைன் இருந்தாலும் துணிகள் எல்லாம் கம்பளி, எல்லாம் மங்கல் பரப்பு. மேற்பரப்பு ஒத்துப்போனதால் மற்றதெல்லாம் அவருக்குச் செல்லுபடியானது.

கர்ச்சீப் விஷயம்: டை கம்பளி என்றால் கர்ச்சீப் வெள்ளை லினனோ, வேறு டிசைன் பட்டோ இருக்கட்டும். ஒரே துணியில் இரண்டும் இருந்தால் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும்.


எடிசன் முருகு:

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். 1966 வரைக்கும் போகலாம் என்றால் ட்வீட்டோடு ஏன் நிற்க வேண்டும்? செப்டம்பரில் வெயிலடித்தால் பாண்டி வெந்துபோவார். அந்த வருஷங்களில் இங்கே காலேஜ் பசங்கள் கோடையில் போட்டது மெட்ராஸ் கட்டக் கோட்டு. நம் ஊர்க் கைத்தறிப் பருத்தி, துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றோடொன்று இறங்கிக் கலங்கும். வேறு எந்தத் துணியிலும் குறை என்று திருப்பி அனுப்புகிற விஷயம், இங்கே பெருமையாக விளம்பரம் செய்யப்பட்டது. சாயம் இறங்கி மங்கின கோட்டுக்குத்தான் மதிப்பு.

அதை உடுத்துகிற விதமும் ஊசிநூல் அண்ணன் சொல்கிற வரிசைதான். கோட்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஏழெட்டு நிறம் ஓடும்போது மற்ற எல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்: காக்கி சீனோ பேன்ட், பட்டன்-டவுன் காலர் வைத்த ஆக்ஸ்ஃபோர்ட் சட்டை, நேவியில் பின்னல் டை. அந்தக் காக்கி பேன்ட்டே இரண்டாம் உலகப் போர் முடிந்து காலேஜுக்கு வந்த சிப்பாய்களோடு வளாகத்துக்குள் நுழைந்தது. பருத்திக் கோட்டுக்குப் பருத்திப் பேன்ட், அதே பரப்பு, அதே எடை.

என் தாத்தா கட்டின கைலியின் கட்டத்தை மேன்ஹாட்டன் கடைக் கண்ணாடிக்குள் கோட்டாகப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது. நம்மவர் ஒருவர் குட்வுட்டுக்கு அதைப் போட்டுப் போனால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு.


லீட்ஸ் ஊசிநூல்:

முருகு, அருமை. பாண்டிக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: மெட்ராஸ் கட்டத்தையும் ட்வீட்டையும் ஒரே உடம்பில் சேர்க்காதீர்கள். ஒன்று கோடை, ஒன்று குளிர். டையாகக்கூட வேண்டாம். மெட்ராஸ் போட்டால் முழுக்க முருகு சொன்ன மாதிரி போங்கள்.


சவுத்தாம்ப்டன் பாண்டி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குள் ஆரஞ்சும் இருக்கிறது, பாசி நிறத்தில் மெல்லிய மஞ்சளும் இருக்கிறது. இவ்வளவு நாள் பழுப்புக் கோட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்! கருப்பு வெள்ளைப் படத்தில் கார்ட்ராய் தோற்றுவிட்டது, கோட்டும் அதுவும் ஒரே இருட்டு. ஃபிளானல் தெளிவாக வெளுத்து நிற்கிறது. புல்லோவரின் கழுத்து வரியில் கிரீமும் பச்சையும். ஆக பச்சை கம்பளி டை உறுதி.

இரண்டு சந்தேகம் பாக்கி. புல்லோவர் போட்டுக் கையைத் தூக்கினால் அதற்கும் பேன்ட்டுக்கும் நடுவில் சட்டை தெரிகிறது. புல்லோவரை நீளமாக்கச் சொல்லலாமா? அப்புறம், கருப்பு ஷூவா பழுப்பா?


லீட்ஸ் ஊசிநூல்:

புல்லோவரைத் தொடாதீர்கள், அளவு சரியாகத்தான் இருக்கிறது. பேன்ட்தான் கீழே நிற்கிறது. அந்தக் காலத்துப் பேன்ட் தொப்புள் வரை ஏறும், புல்லோவரும் வெய்ஸ்ட்கோட்டும் அந்த உயரத்துக்கு ஏற்பக் குட்டையாக இருக்கும். உங்கள் ஃபிளானல் பேன்ட்டில் கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பு வரை முன்பக்கம் அளந்து பாருங்கள். ஒன்பது பத்து அங்குலம் என்றால் இந்தக் காலத்து வெட்டு. பன்னிரண்டு அங்குலம் வேண்டும். தைத்து உயர்த்த முடியாது, துணி இருக்காது. ஹை வெய்ஸ்ட் ஃபிளானல் ஒன்று வாங்குங்கள், உங்கள் செலவில் இது ஒன்றுதான் அவசியமானது. பெல்ட் போடாமல் பிரேஸ் (தோளில் மாட்டிப் பேன்ட்டைத் தாங்கும் பட்டை) போடுங்கள், பட்டன் வைத்தது, கிளிப் வேண்டாம். பிரேஸில் தொங்கும் பேன்ட் உட்கார்ந்து எழுந்தாலும் இடம் மாறாது, அதனால் சட்டை எட்டிப் பார்க்காது. கீழே ஒன்றரை அங்குலம் அல்லது கொஞ்சம் கூடுதலாக மடிப்பு வையுங்கள். அந்தக் கனம் துணியை நேராகத் தொங்கவிடும்.

ஷூ பழுப்பு. ட்வீட் நாட்டுப்புற உடை, கருப்பு ஷூ நகரத்து ஆபீஸுக்கு. துளை வேலை செய்த புரோக் இருந்தால் அதைப் போடுங்கள், தோலிலும் ஒரு சொரசொரப்பு வரும். பழுப்பு சூயேட் (ரோமம் எழுப்பின தோல்) இருந்தால் இன்னும் நல்லது, அதுவும் வெளிச்சத்தை விழுங்குகிற பரப்பு. சாக்ஸை பேன்ட்டின் சாம்பலோடு பொருத்தாமல் டையின் பச்சைக்கோ புல்லோவரின் செங்கல் நிறத்துக்கோ எடுங்கள், கம்பளியில்.

வெயில் ஏறினால் புல்லோவரைக் கழற்றிப் பையில் வையுங்கள், கோட்டும் டையும் இருக்கட்டும். மழை பெய்தால் ட்வீட் தாங்கும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ரேடியேட்டர்மேல் போட்டுவிடாதீர்கள். தோள் அகலமான மர ஹேங்கரில் மாட்டி, பாக்கெட்டுகளைக் காலி செய்து, காற்றாட விடுங்கள். காய்ந்த பிறகு பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரு தடவை தேய்த்தால் போதும்.